சாவி கையிலயே இருக்கு, ஆனா கார் "கீ இல்ல"ங்குது: புது கீ வாங்கணுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா, நான் ஈரோட்டுல இருந்து எழுதறேன். போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினேன், 2019 மாடல், புஷ் பட்டன் ஸ்டார்ட். கொஞ்ச நாளா ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா டிஸ்ப்ளேல கீ நாட் டிடெக்டட்னு வருது, மறுபடி மறுபடி அமுக்கினா ஒருவழியா எடுத்துக்கும். போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பவானி போயிட்டு திரும்பறப்ப சுத்தமா எடுக்கல, மெக்கானிக் வந்து ஏதோ பண்ணித்தான் கிளம்பினோம். வொர்க்‌ஷாப்ல காட்டினா கீ போயிடுச்சு, புதுசு போட்டு ப்ரோக்ராம் பண்ண 14,000 ஆகும்ங்கறாங்க. ஆன்லைன்ல பாத்தா அதே மாதிரி கீ 2,500 ரூபாய்க்கு கிடைக்குது. எதை வாங்கட்டும்? லாக், அன்லாக் பட்டன் மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது, அதான் குழப்பமா இருக்கு.

பதில்: இப்போதைக்கு ரெண்டையும் வாங்காதீங்க தம்பி. நீங்க கடைசியா போட்டிருக்கீங்க பாருங்க, லாக் அன்லாக் வேலை செய்யுதுன்னு, அதுலயே பாதி பதில் இருக்கு.

அந்த சின்ன சாவிக்குள்ள மூணு வேலை தனித்தனியா நடக்குது. லாக் அன்லாக் பட்டனை அமுக்கினா சாவி ரேடியோ சிக்னல் அனுப்பும், நம்ம ஊரு வண்டிகள்ல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், இதுக்கு உள்ள இருக்கற பட்டன் செல் வேணும். ரெண்டாவது, நீங்க ஸ்டார்ட் பட்டனை அமுக்கினதும் காருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கற ஆன்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல குறைஞ்ச அதிர்வெண்ல ஒரு அலையை விட்டு "சாவி உள்ள இருக்கா"ன்னு கேக்கும், சாவி அதைக் கேட்டு முழிச்சுக்கிட்டு ரேடியோவுல பதில் சொல்லணும், இந்த அலை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரம்தான் போகும். மூணாவது இம்மொபிலைசர் சிப், அதாவது வேற சாவியில வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்கற சிப், இதுக்கு செல்லே தேவையில்ல, ஸ்டார்ட் பட்டன் கிட்ட கொண்டு போனா காரே அதுக்கு பவர் குடுத்து படிச்சுக்கும். உங்க வண்டியில முதல் வேலை நடக்குது, ரெண்டாவது சொதப்புது, மூணாவது எப்படின்னு நீங்க பாக்கவே இல்ல. இப்படி இருக்கறப்ப எதையும் சோதிக்காம "கீ போச்சு"ன்னு சொல்றது எனக்கு சரியாப் படல.

அதனால அடுத்த வாட்டி கீ நாட் டிடெக்டட்னு வந்தா பதறாம பிரேக்கை (மேனுவல் கியர் வண்டின்னா கிளட்சையும்) மிதிச்சுக்கிட்டு சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சுப் பாருங்க. ஹூண்டாய்ல சாவியாலயே பட்டனை அமுக்கச் சொல்லுவாங்க, டொயோட்டால சாவியில லோகோ இருக்கற பக்கத்தை பட்டன்ல தொட வைக்கணும், சில வண்டியில கன்சோல்ல ஒரு குறிப்பிட்ட இடத்துல சாவியை வைக்கணும், உங்க வண்டிக்கு எங்கன்னு ஓனர் மேனுவல்ல கட்டாயம் போட்டிருப்பாங்க. பவானியில அந்த மெக்கானிக் பண்ணினதும் அநேகமா இதாத்தான் இருக்கும். இப்படி வச்சதும் ஸ்டார்ட் ஆச்சுன்னா சிப் நல்லாருக்கு, கார் இந்த சாவியை இன்னும் மறக்கலன்னு அர்த்தம். இதை வீட்ல எல்லாருக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டி வைங்க, ராத்திரி நேரத்துல ரோட்டுல நிக்கற நிலமை வராது.

அடுத்தது ரெண்டாவது சாவி. அது இருந்தா இதை விட பெரிய டெஸ்ட் கிடையாது, காசும் செலவில்ல. முதல் சாவியை வீட்லயே வச்சுட்டு (ரெண்டும் ஒண்ணா வண்டிக்குள்ள இருந்தா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது) ரெண்டாவதை மட்டும் ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாருங்க. ஒரு பிரச்னையும் இல்லன்னா கோளாறு முதல் சாவியிலதான். ரெண்டாவதுக்கும் அதே மெசேஜ் வந்தா கோளாறு பெரும்பாலும் கார் பக்கம், 14,000 குடுத்து புது கீ போட்டாலும் மறுநாள் அதே கதைதான்.

கார் பக்கம்னு தோணினா கதவு கைப்பிடியில இருக்கற சின்ன பட்டனை, சாவியை பாக்கெட்லயே வச்சுக்கிட்டு அமுக்கிப் பாருங்க. கதவு திறக்குது ஆனா உள்ள உக்காந்தா சாவி தெரியலங்குதுன்னா வெளி ஆன்டெனா நல்லாருக்கு, உள்ள இருக்கறது, இல்ல அதோட வயரு கனெக்டர்லதான் சந்தேகம். சாவியை டாஷ்போர்டு பக்கம் வச்சா எடுக்குது, ஹேண்ட்பேக்ல போட்டு பின் சீட்ல வச்சா எடுக்கலன்னாலும் அதே மாதிரி ஒரு குறிப்பு. இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க, வொர்க்‌ஷாப்ல பேச்சே மாறும்.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காதது. அந்த 125 கிலோஹெர்ட்ஸ் அலை ரொம்ப சன்னமானது, மத்த கருவிங்க விடற அலைகள்ல ஈஸியா அமுங்கிடும். ஃபோனையும் சாவியையும் ஒரே பாக்கெட்ல போடறது, வயர்லெஸ் சார்ஜர் மேலயே சாவியை வைக்கறது, ரோட்டோரம் வாங்கின யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம், சாவிக்கு போட்ட அலுமினிய கவர், இதுல எது வேணாலும் காரணமா இருக்கலாம். எல்லாத்தையும் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க, பிரச்னை நின்னுச்சுன்னா ஒவ்வொண்ணா திரும்ப மாட்டிப் பாருங்க.

காரோட 12 வோல்ட் பேட்டரியையும் விட்டுடாதீங்க. வண்டி 2019ங்கறீங்க, பேட்டரி மாத்தினதா சொல்லல. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில மல்ட்டிமீட்டர் வச்சா 12.6 பக்கம் காட்டணும், 12க்கு கீழ இருந்தா பேட்டரி இறங்கிக் கிடக்குதுன்னு அர்த்தம், அப்ப சாவியைத் தேடற மாட்யூல் உட்பட எல்லாமே தப்பு தப்பா மெசேஜ் காட்டும். பேட்டரி கடையில ஓசியிலயே செக் பண்ணிக் குடுப்பாங்க.

இப்ப அந்த 2,500 ரூபாய் கீ. வேண்டாம்னே சொல்லுவேன். அமெரிக்கா போற வண்டிகள்ல நிறைய 315 மெகாஹெர்ட்ஸ், பாக்க அச்சு அசல் உங்க கீ மாதிரியே இருக்கும், உங்க காரோட பேசவே பேசாது. வேற வண்டியில கழட்டின பழைய கீயா இருந்தா பல மாடல்ல சிப் அந்த முதல் வண்டியோடயே பூட்டிக்கும், மறுபடி எழுத முடியாது. எல்லாம் பொருந்தினாலும் ஸ்கேனர் போட்டு ரிஜிஸ்டர் பண்ண ஒரு ஆள் வேணும், அவர் கூலி தனி, வேலை செய்யலன்னா ஆன்லைன்காரர் மேல அவரும் அவர் மேல ஆன்லைன்காரரும் கையைக் காட்டுவாங்க, நடுவுல நிக்கப்போறது நீங்கதான்.

எல்லாம் பாத்தும் சாவியிலதான் கோளாறுன்னா (கீழ விழுந்து உள்ள காயில் விட்டுப்போறது, வாஷிங் மெஷின்ல போறது எல்லாம் நடக்கறதுதான்) புதுசு போட்டுத்தான் ஆகணும். அப்ப ஜாப் கார்டுல என்ன டெஸ்ட் பண்ணாங்க, ஏன் கீ மாத்தணும்னு எழுதச் சொல்லுங்க, கீ எவ்ளோ ப்ரோக்ராமிங் எவ்ளோன்னு பிரிச்சு எஸ்டிமேட் வாங்குங்க, கழட்டின பழைய கீயைத் திருப்பிக் கேளுங்க. மாத்தியும் அதே கோளாறு வந்து அவங்க கையை விரிச்சா இந்தப் பேப்பருங்கதான் உங்களுக்கு துணை. முதல்ல 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுங்க, அதுலயும் முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பிரச்னை நடந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது.

கேள்வி: சார், கீயில 2032 செல் தீந்துபோச்சு, கடையில 2025தான் இருக்குன்னு குடுத்தாங்க. போடலாமா?

பதில்: வேண்டாங்க. ரெண்டுமே 3 வோல்ட்தான், ஆனா அந்த நம்பர்தான் அளவு. 20ங்கறது குறுக்களவு மில்லிமீட்டர்ல, 32ன்னா 3.2 மில்லிமீட்டர் கனம், 25ன்னா 2.5. மெலிசான செல் உள்ள ஆடும், காண்டாக்ட் விட்டு விட்டு வரும், அப்புறம் கார் சாவியைத் தெரியலன்னு சொல்லும். புது செல் போட்டும் எடுக்கலன்னா செல்லைப் பாருங்க, குழந்தைங்க முழுங்கக் கூடாதுன்னு சில கம்பெனி கசப்பு கோட்டிங் தடவறாங்க, சில கருவியில அந்தப் பூச்சு காண்டாக்ட்டை தடுக்கும், அந்த மாதிரி இருந்தா கோட்டிங் இல்லாத செல் வாங்கிப் போடுங்க. அதுக்காக பழைய செல்லை மேஜை மேல போட்டுடாதீங்க. தீந்த செல்லா இருந்தாலும் குழந்தை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயை அரிச்சுடும், அப்படி ஏதும் ஆச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் பாத்திருக்கோம், வித்தவர் ஒரு கீதான் இருக்கு, இன்னொண்ணு தொலைஞ்சுடுச்சுங்கறார். ஒண்ணு போதாதா?

பதில்: போதாதும்மா. வண்டி திருடு போனா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கேக்கறது ஒரிஜினல் சாவிங்க எல்லாத்தையும், ஒண்ணு குறைஞ்சாலும் கேள்வி மேல கேள்வி வரும், க்ளெய்ம் இழுத்தடிக்கும். தொலைஞ்ச சாவி யார் கையில இருக்குன்னும் தெரியாது. அதனால ரெண்டாவது கீயோட முழு செலவை விலையில இருந்து கழிச்சுக்கங்க, சாவி தொலைஞ்சதுக்கு போலீஸ்ல புகார் குடுத்து வாங்கின சிஎஸ்ஆர் (புகார் பதிவு ரசீது) காப்பி இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா புகார் குடுத்து வாங்கித் தரச் சொல்லுங்க. புது கீ ப்ரோக்ராம் பண்றப்ப காணாமப் போன கீயை கார் மெமரியில இருந்து அழிச்சுடச் சொல்லுங்க, கையில இருக்கற ஒரு கீயும் அப்ப கூடவே இருக்கணும், ஏன்னா ஒரு சாவிகூட இல்லாம வேலை பண்ணினா பல வண்டியில செலவு ரொம்ப ஏறிடும். இன்சூரன்ஸ் புதுப்பிக்கறப்ப கீ ரீப்ளேஸ்மென்ட் ஆட்-ஆன் இருக்கான்னும் கேட்டுப் பாருங்க, வருஷத்துக்கு எவ்ளோ சேர்றதுங்கறதை கீ விலையோட ஒப்பிட்டுட்டு முடிவு பண்ணுங்க.