பாக்தாத் எப்படி அமைதியானது? – கடிதம்

வணக்கம் ஐயா,

திருச்சியில் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். வகுப்பில் ஈராக் போர் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். 2007-ல் புஷ் கூடுதல் படைகளை அனுப்பிய பிறகு அங்கே கொலைகள் சரசரவென்று குறைந்ததைக் காட்டும் வரைபடத்தை இணைத்திருக்கிறேன். அந்நிய ராணுவம் போதுமான அளவில் போய் உட்கார்ந்தால் உள்நாட்டுப் போர் அடங்கிவிடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று என் நண்பன் கேட்கிறான். "அந்த மக்களுக்குத் தடியின் மொழிதான் புரியும்" என்றும் சொல்கிறான். என்னால் அதை முழுதாக மறுக்க முடியவில்லை. எண்ணெய்க்காக வந்தவர்களுக்கு அமைதியில் என்ன அக்கறை என்பதும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீங்கள் வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். படிக்க நல்ல நூல்களும் சொல்லுங்கள்.

ஒரு மாணவன், திருச்சி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பாக்தாத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் நான் கணக்குப் பார்த்த காலத்தில், எனக்கு எதிர் மேசையில் ஓர் ஈராக்கிய சிவில் இன்ஜினியர் இருந்தார். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். போன மாதம் அம்மானில் அவர் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் தெரிவித்திருந்தாள். அந்த நினைப்பு இன்னும் ஆறாத நேரத்தில் உங்கள் வரைபடம் வந்து சேர்ந்தது. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், நீங்கள் கேட்டதை விட்டு விலகியும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தடி விஷயம். உங்கள் நண்பர் சொன்னார், சரி. நீங்கள் அதை அப்படியே எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டு "முழுதாக மறுக்க முடியவில்லை" என்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? நம்மைப் பற்றி வெள்ளைக்காரன் தலைமுறை தலைமுறையாகச் சொன்னதும் இதைத்தானே? 2005 ஆகஸ்ட் 31 அன்று பாக்தாத்தில் இமாம்கள் பாலத்தின் மேல் முஸ்லிம்களில் ஷியா பிரிவு யாத்ரீகர்கள் பெருங்கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் தற்கொலைப்படை ஆள் இருக்கிறான் என்று ஒரு வதந்தி கிளம்பி, நெரிசலில் மிதிபட்டும் ஆற்றில் விழுந்தும் ஆயிரம் பேர் வரை செத்தார்கள். பாலத்தின் ஒரு முனை காதிமியா, ஷியாக்களின் புனிதத் தலம். மறுமுனை ஆதமியா, இன்னொரு பிரிவான சன்னிகளின் பகுதி. அந்த ஆதமியாவைச் சேர்ந்த உஸ்மான் அல் உபைதி என்ற இளைஞன் டைக்ரிஸ் ஆற்றில் குதித்து, ஒருவர் பின் ஒருவராக ஷியாக்களை இழுத்துக் கரை சேர்த்து, கடைசியில் கை ஓய்ந்து தானே மூழ்கிப்போனான். அவன் எந்தத் தடிக்குப் பயந்து குதித்தான் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

எண்ணெயை இப்போதைக்கு விடுங்கள். போர் ஏன் தொடங்கியது என்பது ஒரு கேள்வி, கொலைகள் ஏன் குறைந்தன என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதிலைத் தேடுவதால்தான் குழம்புகிறீர்கள்.

இனி உங்கள் வரைபடம். எண்களில் தப்பில்லை. ஈராக் பாடி கவுன்ட் அமைப்பின் கணக்கில் 2006-ல் கொல்லப்பட்ட பொதுமக்கள் ஏறத்தாழ 29,000 பேர், 2007-ல் 26,000, 2008-ல் 10,000, 2009-ல் 5,000 சொச்சம். 2007 ஜனவரி 10 அன்று புஷ் அறிவித்தார், ஏறக்குறைய 30,000 பேர் கூடுதலாகப் போனார்கள், தளபதியாக வந்த பெட்ரேயஸ் அவர்களைப் பெரிய முகாம்களிலிருந்து வெளியே கொண்டுவந்து குடியிருப்புகளுக்கு நடுவே சாவடி போட்டுத் தங்கவைத்தார். ஆனால் நீங்கள் வரைபடக் கோட்டினை அதன் உச்சியிலிருந்து பார்க்கத் தொடங்குகிறீர்கள். அந்த உச்சிக்கு அது ஏறிய காலத்திலும் இதே அந்நிய ராணுவம் அங்கேதானே இருந்தது? 2003 மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகி பிரெமர் இரண்டு உத்தரவுகள் போட்டார். ஒன்று வீழ்த்தப்பட்ட சதாமின் பாத் கட்சி மேல்மட்டக்காரர்களை அரசு வேலைகளிலிருந்து வெளியேற்றியது, மற்றது நாட்டின் ராணுவத்தையே கலைத்தது. லட்சக்கணக்கான ஆண்கள், ஆயுதம் பிடிக்கத் தெரிந்தவர்கள், சம்பளமும் மரியாதையும் போய் வீட்டில் உட்கார்ந்தார்கள். 2006 பிப்ரவரி 22 அன்று சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலத்துப் பொற்குவிமாடம் தகர்க்கப்பட்டு, பாக்தாத்தின் தெருக்களில் தினமும் காலையில் கை கட்டப்பட்ட பிணங்கள் கிடக்கத் தொடங்கியபோதும் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் அமெரிக்க வீரர்கள் அந்த நாட்டில் இருந்தார்கள்.

உஸ்தாத்தின் வீடு ஹுர்ரியாவில் இருந்தது. பாக்தாத்தின் வடமேற்கில் சன்னியும் ஷியாவும் கலந்து வாழ்ந்த பகுதி. 2006 கடைசியில், ஷியா மதகுரு முக்ததா அல் சத்ரின் ஆயுதக் குழுவான மஹ்தி ராணுவத்து ஆட்கள் அங்கிருந்த சன்னிக் குடும்பங்களை விரட்டினார்கள். அவர் வீட்டு வாசலில் ஒரு கவர் கிடந்தது. உள்ளே ஒரு துப்பாக்கித் தோட்டாவும் இரண்டு வரி எழுதிய காகிதமும். உமர் என்று சன்னிப் பெயர் வைத்த பையன்கள் வேறு பெயரில் அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொண்ட காலம் அது, அவர் வீட்டிலும் ஒரு பையன் பெயரை மாற்றிக்கொண்டான். குடும்பம் அம்மானுக்குப் போனது, இவர் வேலை தேடி ஷார்ஜாவுக்கு வந்தார். நகரத்தின் அந்தப் பக்கத்தில் இப்படி என்றால் இந்தப் பக்கத்தில் தோரா மாதிரியான இடங்களிலிருந்து ஷியாக்களைச் சன்னித் தீவிரவாதிகளான அல்காய்தாக்காரர்கள் இதே மாதிரி கிளப்பினார்கள். ஒருவர் விட்டுப்போன வீட்டில் இன்னொரு விரட்டப்பட்டவர் குடியேறினார். 2007 முடிவதற்குள் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஈராக்கியர்கள் தங்கள் வீட்டில் இல்லை. பாதிப்பேர் சிரியாவிலும் ஜோர்டானிலும், மீதிப்பேர் நாட்டுக்குள்ளேயே எங்கெங்கோ. ஆறேழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2008-ல் ஒருநாள் அலுவலகத்தில் டீ நேரம். தொலைக்காட்சியில் பாக்தாத்தின் சந்தை, கடைகள் திறந்திருக்கின்றன, பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். எங்கள் மேலாளர் நல்ல மனுஷர், உஸ்தாத்தின் தோளில் தட்டி "உங்கள் ஊர் அமைதியாகிவிட்டதே" என்று மனசாரச் சொன்னார். உஸ்தாத் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் போன பிறகு என்னிடம் கேட்டார்: "நீ கணக்குப் பார்ப்பவன். ஒரு கடையில் மூன்று மாதமாகத் திருட்டே இல்லை என்று எழுதி வந்தால் முதலில் எதைப் பார்ப்பாய்?" நான் யோசிக்காமல் "சரக்கு இருப்பை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேறெதுவும் பேசவில்லை.

தம்பி, உங்கள் வரைபடத்தில் சரக்கு இருப்பு இல்லை. ஹுர்ரியாவில் சன்னிகளைக் கொல்வது நின்றது என்றால் அங்கே கொல்வதற்குச் சன்னி மிச்சமில்லை என்பதும் ஒரு காரணம். 2008-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துப் புவியியலாளர்கள் பாக்தாத்தின் இரவு வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆட்களை விரட்டிய பகுதிகளில் கூடுதல் படை வந்து நிலைகொள்வதற்கு முன்பே விளக்குகள் குறைந்துவிட்டன, பிறகும் திரும்பி எரியவில்லை. அதற்குப் பிறகுதான் பல பகுதிகளைச் சுற்றிக் கான்கிரீட் சுவர்கள் எழுந்தன. 2007 ஏப்ரலில் ஆதமியாவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர் கட்டத் தொடங்கியபோது அங்கிருந்த மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். சுவர் கார் குண்டைத் தடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விரட்டல் போட்ட எல்லைக்கோட்டின் மேலேயே அது நின்றது.

இந்த வாதத்தை நான் பல வருடம் பலரிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அன்பார் மாகாணம். அது கிட்டத்தட்ட முழுக்கச் சன்னிகளின் பூமி, அங்கே யாரும் யாரையும் மதப்பிரிவு பார்த்து விரட்டி முடிக்கவில்லை, ஆனாலும் அங்கேதான் சண்டை முதலில் அடங்கியது. 2006 செப்டம்பரில் ரமாதியில் ஷேக் அப்துல் சத்தார் அபு ரிஷா மற்ற பழங்குடித் தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு அல்காய்தாவுக்கு எதிராகத் திரும்பினார். கூடுதல் படை அறிவிப்புக்கு நாலு மாதம் முன்னால் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் ஒரு வருடம் முன்பு சிரிய எல்லையில் அல்காயிமில் இன்னொரு பழங்குடி இதையே செய்து பார்த்து, துணைக்கு ஆளில்லாமல் அடிவாங்கி ஊரைவிட்டு ஓடியது. அப்படியானால் பக்கத்தில் அமெரிக்க டாங்கி நின்றதும் கணக்கில் வரத்தான் வேண்டும். நேற்று வரை அமெரிக்கர்களைச் சுட்டவர்களில் பலர் மாதம் 300 டாலர் சம்பளத்துக்குத் தெருக்காவல் நின்றார்கள், உச்சத்தில் ஒரு லட்சம் பேர் வரை. அபு ரிஷா, ஐயோ பாவம், புஷ்ஷைச் சந்தித்துப் பத்தே நாளில், 2007 செப்டம்பர் 13 அன்று குண்டுக்குப் பலியானார். ஷியாக்களின் பக்கம் முக்ததா அல் சத்ர் அதே வருடம் ஆகஸ்ட் 29 அன்று தன் மஹ்தி ராணுவத்தைக் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொன்னார், அதற்கு முதல் நாள் கர்பலாவில் நடந்த மோதலில் அவர் பெயர் கெட்டுப்போயிருந்தது.

ஆகவே படைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தெருமுனையில் ராணுவம் நின்றதும், சம்பளம் வாங்கிய ஒரு லட்சம் பேரும், சத்ரின் உத்தரவும், காலியாகிப்போன வீடுகளும் ஒரே வருடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றை உருவி எடுத்து "இதுதான் மருந்து" என்று வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இன்னொன்று, உங்கள் வரைபடக் கோட்டினை ஏன் 2009-ல் வெட்டிவிட்டீர்கள்? காவல் நின்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரைப் பாதுகாப்புப் படைகளில் சேர்ப்பதாகவும் மற்றவர்களுக்கு வேறு வேலை தருவதாகவும் ஷியாப் பிரதமர் மாலிகியின் அரசு கொடுத்த வாக்கு பெரும்பாலும் காற்றோடு போனது. 2011 டிசம்பர் 18 அன்று கடைசி அமெரிக்க வண்டிகள் குவைத் எல்லையைத் தாண்டின. மறுநாளே சன்னித் துணை அதிபர் தாரிக் அல் ஹாஷிமிக்குப் பிடிவாரண்ட். 2014 ஜூனில் மொசூல் நகரமே ஐஎஸ் பயங்கரவாதிகள் கையில் விழுந்தது. கோட்டினை அதுவரை இழுத்து வரைந்து, பக்கத்தில் வீட்டைவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கைக்கு இன்னொரு கோடும் போடுங்கள். கட்டுரையை அப்புறம் எழுதுங்கள். நூல்களின் பெயரை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

2009 ஜனவரியில் உஸ்தாத் வீட்டை விற்க பாக்தாத் போனார். ஆதமியாவில் இருந்த தன் தங்கை வீட்டில் தங்கி, இரண்டு மாதம் முன்புதான் மறுபடி திறந்திருந்த அந்த இமாம்கள் பாலத்தின் வழியாக ஹுர்ரியா போனார். பழைய பக்கத்து வீட்டுக்காரர், ஷியா, தன் காரில் உட்காரவைத்து, வழியில் எந்தச் சாவடியிலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போனாராம். வீட்டில் தோராவிலிருந்து விரட்டப்பட்ட ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் பயந்துபோய்க் கதவைப் பாதி திறந்து நின்றார், பிறகு உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். இருவரும் தங்கள் தங்கள் தெருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். தோட்டத்தில் இருந்த மரத்துக்கு அந்த மனிதர் தவறாமல் தண்ணீர் விட்டிருந்தார். கிளம்பும்போது அதிலிருந்து ஒரு பை நிறையப் பழம் பறித்து விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல உஸ்தாத் கையில் கொடுத்தார்.

அதில் பத்துப் பன்னிரண்டை உஸ்தாத் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "நாரிஞ்ச்" என்றார். முகர்ந்து பார்த்தேன், நம்ம ஊர் நாரத்தையின் வாசம். பெயரும்கூட அவ்வளவு பக்கம். வீட்டுக்கு எடுத்துப்போனேன், என் மனைவி அதை நாலாக வகிர்ந்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டில் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரம், காரம் என்று கண்ணில் தண்ணீர் வழியச் சொல்லிக்கொண்டே, மதியச் சோற்றோடு அந்தப் பாட்டிலில் பாதியைத் தீர்த்தார்.