இரண்டு கதைச் சுருக்கம் எழுதினால் ஒப்பீடு ஆகாது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: ‘மகள் உயர்தரத்தில் தமிழ் படிக்கிறாள். சிலப்பதிகாரத்தையும் பாஞ்சாலி சபதத்தையும் ஒப்பிடச் சொன்னால் நாலு பக்கம் எழுதுகிறாள், புள்ளிதான் வருவதில்லை. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?’

அந்த நாலு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டில் கண்ணகி, அடுத்த இரண்டில் பாஞ்சாலி, கடைசியில் ‘இருவரும் நீதி கேட்டனர்’ என்று ஒரு வரி. சரிதானே? நீதி என்பது வெறும் தலைப்பு. அதைப் பற்றி நூல் என்ன சொல்கிறது என்று ஒரு முழு வசனம் எழுத வந்தால்தான் அது கருப்பொருள். (சங்கப் பாட்டின் திணையில் வரும் கருப்பொருள் வேறு, அது அந்தந்த நிலத்துக்குரிய பொருள்கள். அதை நினைத்துப் பறவை, பறை என்று எழுதிவைத்த பிள்ளைகளும் உண்டு.)

சின்னக் கேள்வியாகக் கேளுங்கள்: அநியாயம் நடந்தபோது ஊர் என்ன செய்தது? மதுரைத் தெருவில் ‘சான்றோரும் உண்டுகொல்’ என்கிறாள் கண்ணகி. ஊரார் அவளுக்காக அழுகிறார்கள். பாஞ்சாலியைத் துச்சாதனன் இழுத்துப்போகும்போதும் ஊரார் புலம்புகிறார்கள். ஆனால் இளங்கோவடிகளுக்கு அந்த அழுகை அரசன் தவறிழைத்தான் என்பதற்குச் சாட்சி. பாரதிக்கோ அது கோழைத்தனம். ‘நெட்டை மரங்கள்’ என்று திட்டுகிறார். அடிமைப்பட்ட நாட்டில், 1912இல் முதற்பாகம் வெளிவந்த நூல் அது. திட்டு யாருக்கு என்று மகளே சொல்வாள். புள்ளி கிடப்பது அந்த ‘ஆனால்’ வந்த இடத்தில்.

கதையே சொல்லக் கூடாதா என்றால், ஒரு விலக்கு உண்டு. வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதமான வில்லிபாரதத்தையும் பாஞ்சாலி சபதத்தையும் ஒப்பிடச் சொன்னால் இரண்டிலும் அதே சூது, அதே துகில், அதே சபதம். அங்கே கதை எங்கே பிரிகிறது என்பதே விடை. வில்லியார் போர் முடியும்வரை போகிறார். பாரதி சபதத்தோடு நிறுத்திவிடுகிறார். ஏன் நிறுத்தினார் என்று எழுதலாம். அப்போதும் பிரிகிற இடம் மட்டும்தான், முழுக்கதை வேண்டாம். கதை ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சலுகை. கண்ணகிக்கும் பாஞ்சாலிக்கும் இது பொருந்தாது.

அப்புறம், டியூட்டரி வாசலில் ‘இந்த முறை இதுதான் வரும்’ என்று போட்டோகொப்பி விற்பவர்களிடம் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். இடப்பக்கம் கண்ணகியின் ஐந்து குணம், வலப்பக்கம் பாஞ்சாலியின் ஐந்து குணம், அவ்வளவுதான் சரக்கு. நான் திருத்திய ஒரு கட்டுத் தாளில் ஒரே எழுத்துப்பிழை வரிசையாக வந்தது. பாடசாலையும் லேசுப்பட்டதல்ல. ஒரு நூலை ஒரு தவணையில், மற்றதை அடுத்த தவணையில் நடத்தி முடிப்பார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பேச ஒரு பாடவேளை கிடையாது. வினாத்தாள் மட்டும் கூசாமல் ‘ஒப்பிடுக’ என்கிறது.

இந்தக் கிழமை மகளிடம் பத்து வரிக்கு மேல் கேட்காதீர்கள். ஒரே பந்தியில் இரண்டு பெயரும் வரட்டும். நோட்ஸ் அலமாரியில் இருக்கட்டும்.