டைனமைட்டா, மெகாஜூலா? – கடிதம்

வணக்கம்.

அணுக்கரு இணைவு பற்றிய உங்கள் கட்டுரையில் எல்லாவற்றையும் ஜூல் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். 3.15 மெகாஜூல் என்றால் வணிகவியல் படித்த எனக்கு என்ன புரியும்? இத்தனை டைனமைட் குச்சி என்று வேறொரு செய்தியில் படித்தேன், சட்டென்று பிடிபட்டது. கலோரியிலாவது சொல்லியிருக்கலாமே.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

மெகாஜூலை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தது என் பிழைதான். ஆனால் மெகாஜூலை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு; மெகாஜூல் என்றால் பத்து லட்சம் ஜூல்.

நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 3.6 மெகாஜூல். 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகள் எரிபொருள் அடங்கிய சிறு இலக்கின்மேல் பாய்ச்சியது 2.05 மெகாஜூல். அதிலுள்ள அணுக்கருக்கள் இணைந்ததில் வெளிவந்தது 3.15. ஒரு யூனிட்கூட இல்லை! லேசர்களை இயக்க எடுத்த மின்சாரமோ ஏறத்தாழ 300 மெகாஜூல். இந்த மூன்று எண்களும் ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்தார்கள் என்பது தெரியும். வரவை டைனமைட்டிலும் செலவை யூனிட்டிலும் எழுதினால் எந்தக் கணக்குப்பிள்ளையாலும் ஐந்தொகை போட முடியாது. சோதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இலக்கில் விழுந்ததைவிட அதிகம் வந்தது பெரிய சாதனை. அதன் முழு அளவை வாசகர் அறிய வேண்டும் என்பதே என் கவலை.

டைனமைட்டில் இன்னொரு சிக்கல். வெடி என்றதும் நம் மனத்தில் எழுவது அதன் வேகமும் நாசமும்தான். ஒரு கிலோ டிஎன்டி என்ற வெடிமருந்து வெடித்தால் சுமார் 4.2 மெகாஜூல். ஒரு கிலோ கடலை எண்ணெயை எரித்தால் அதைப்போல எட்டு மடங்குக்கும் மேல். வெடியில் அந்த ஆற்றல் நொடிக்குள் வெளிப்படுகிறது, அவ்வளவே.

கலோரி இன்னும் வழுக்கும். இயற்பியல் பாடத்தின் கலோரி 4.184 ஜூல். சாப்பாட்டுப் பேச்சில் நாம் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி, ஆயிரம் மடங்கு. பிஸ்கட் உறையில் சரியாகத்தான் அச்சிடுகிறார்கள். வாயில் வரும்போது ‘கிலோ’ உதிர்ந்துவிடுகிறது. வெப்பத்துக்கும் ஜூல்தான் அலகு என்று எடைகள், அளவைகளுக்கான பன்னாட்டு மாநாடு 1948இலேயே முடிவு செய்துவிட்டது.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு, கட்டுரையில் மெகாஜூலுக்குப் பக்கத்திலேயே யூனிட் கணக்கையும் சேர்த்திருக்கிறேன்: பாய்ச்சியது 0.57, வெளிவந்தது 0.88, லேசர்களுக்குச் செலவானது சுமார் 83.