கையால் கட்டும் மாடல் தண்டவாளம்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில்வே தொடங்கியிருக்கிறேன். கடையில் பாயிண்டுகளின் (ஒரு பாதை ரெண்டாகப் பிரியும் இடத்துத் தண்டவாளம்) விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. தண்டவாளம் முழுவதையும் நானே கட்டினால் செலவு குறையுமா?

பதில்: முழுவதையும் என்றால் குறையாது. நேர் பாதைக்கும் சாதாரண வளைவுக்கும் கடையில் ஃப்ளெக்ஸ் டிராக் என்ற வளையும் தண்டவாளம் இருக்கிறது. சுமார் 91 செ.மீ. நீளத் துண்டு, வேண்டியபடி வளைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. அதே நீளத்துக்குக் கம்பி (தண்டவாள இரும்பு போன்ற உலோகப் பட்டை), ஸ்லீப்பர் (கம்பிக்கு அடியில் வரும் குறுக்குக் கட்டை), பற்ற வைக்கும் ஈயம் என்று தனித்தனியாக வாங்கினால் மிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் நிற்காது, உட்கார்ந்து ஒட்டுகிற நேரம் வேறு.

பாயிண்ட் அப்படி இல்லை. பாயிண்டின் நீளத்தைப் போல நாலு மடங்குக்குச் சற்று மேல் கம்பி, ஒரு பிடி ஸ்லீப்பர், கொஞ்சம் ஈயம், பொருள் என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் கேஜ் (ரெண்டு கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரியாக வைக்கும் கருவி), அரம், நல்ல சால்டரிங் ஐயர்ன் எல்லாம் வாங்க வேண்டும், அந்தச் செலவு ரெண்டு மூணு பாயிண்டில் திரும்பி வராது. உங்கள் திட்டத்தில் ரெண்டே பாயிண்ட் என்றால் பேசாமல் கடையில் வாங்குங்கள். பத்துப் பதினைந்து என்றால் கட்டுங்கள். வளைவுக்குள்ளேயே பிரிகிற பாயிண்ட், நீங்கள் போட்ட கோணத்தில் ரெண்டு பாதை வெட்டிக்கொள்ளும் டைமண்ட் மாதிரி கடையில் கிடைக்காத ஒன்று வேண்டுமென்றால் எண்ணிக்கையே பார்க்க வேண்டாம், கட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: கம்பியைப் பள்ளத்தில் பிடித்து வைக்கும் ஜிக் என்ற அச்சை அலுமினியத்தில் விற்கிறார்கள். அது இருந்தால் புதியவர்கூடத் தப்பில்லாமல் கட்டலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: சொல்வது பொய் இல்லை. பள்ளத்தில் கம்பியை வைத்து, ஸ்லீப்பரோடு சேர்த்துப் பற்ற வைத்தால் பாயிண்ட் சரியாகவே வரும். சிக்கல் என்னவென்றால் ஒரு ஜிக் ஒரு பாதை அகலத்துக்கு, ஒரு கம்பி உயரத்துக்கு, ஒரு ஃப்ராக் (ரெண்டு பாதையின் கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடம்) கோணத்துக்கு மட்டும்தான். நம்பர் 6 (6-க்கு 1 என்ற சாய்வில் பிரியும்) பாயிண்டையே வரிசையாகக் கட்டப் போகிறீர்கள் என்றால் காசுக்குத் தகும், அதே அளவில் கட்டும் நண்பர் இருந்தால் கூட்டாக வாங்குங்கள். நாலு பாயிண்டும் நாலு விதம் என்றால் வேண்டாம், அச்சிட்ட காகித வரைபடம் (டெம்ப்ளேட்) போதும். டெம்ப்ளாட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, எந்த வளைவுக்கும் அதில் பாயிண்ட் வரைந்து அச்சிடலாம். அச்சிட்டதும் முதல் வேலையாக ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 100 மி.மீ. கோடு 97 ஆக வந்திருந்தால் பிரிண்டர் பக்கத்துக்கு அடங்கச் சுருக்கியிருக்கிறது என்று அர்த்தம், அதன் மேல் கட்டியது எதற்கும் ஆகாது.

ஜிக்கில் மிச்சமான காசைக் கேஜில் போடுங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ரோலர் கேஜ் ரெண்டு, மூன்று கால் கேஜ் ஒன்று, ஃப்ராக்குக்கு எதிரே வரும் செக் ரயிலை (சக்கரம் தப்பான பக்கம் போகாமல் தடுக்கும் துணைக் கம்பி) வைக்க ஒன்று. மூன்று கால் கேஜை வளைவில் வைக்கும்போது ரெண்டு கால் வெளிக் கம்பியிலும் ஒற்றைக் கால் உள் கம்பியிலும் இருக்க வேண்டும், அப்போதுதான் ரெண்டு கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மயிரிழை அகலும், நீளமான எஞ்சின் இறுகாமல் போகும். மாற்றி வைத்தால் குறுகிவிடும். வாங்கும் முன் விற்பவரிடம் எந்தத் தரநிலைக்கு, எந்தக் கம்பிக்குச் செய்தது என்று கேட்டே ஆக வேண்டும். கேஜில் வெட்டிய பள்ளம் கம்பியின் தலை அகலத்துக்குத்தான் இருக்கும், வேறு கம்பியில் ஆடும் அல்லது ஏறவே ஏறாது. வந்ததும் காலிப்பர் வைத்து, ஹெச்ஓ பாதையின் அகலமான 16.5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: கம்பியில் கோட் 100, 83, 75 என்று போட்டிருக்கிறது. பித்தளை, நிக்கல் சில்வர் என்றும் இருக்கிறது. எது?

பதில்: கோட் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கம்பியின் உயரம். கோட் 100 என்றால் 2.54 மி.மீ., 83 என்றால் 2.1, 75 என்றால் 1.9. ஹெச்ஓவில் இதை 87 ஆல் பெருக்கிப் பாருங்கள். கோட் 100 நிஜத்தில் 221 மி.மீ. உயரக் கம்பியாகிவிடும், நிஜ ரயில்வேயில் ஓடும் யுஐசி 60 கம்பியே 172 மி.மீ. தான். கோட் 75 ஐப் பெருக்கினால் 166 வருகிறது, பார்வைக்கு அதுதான் அழகு. ஆனால் ஏற்கெனவே போட்ட பாதை கோட் 100 என்றால் அதிலேயே தொடருங்கள், இணைப்புத் தலைவலி மிச்சம்.

உலோகம் நிக்கல் சில்வர்தான், அதில் வெள்ளி துளியும் இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். பித்தளை மலிவு, ஆனால் சீக்கிரம் கறுத்துப்போய்த் துடைத்துத் துடைத்தே அலுத்துப்போகும். தபாலில் வாங்கினால் கெட்டியான குழாயில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். மடங்கிய கம்பி பிறகு நிமிர்ந்தாலும் மடிப்பு தெரியும், சக்கரத்துக்கும் தெரியும்.

கேள்வி: 25 வாட் ஐயர்ன் வாங்கினேன். ஈயம் உருண்டு உருண்டு நிற்கிறது, ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஐயர்ன் போலியா?

பதில்: போலி இல்லை, சிறியது. கம்பி சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, அதற்கு ஈடுகொடுக்க 25 வாட்டால் ஆகாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் 50, 60 வாட் ஐயர்ன், உளி வடிவ முனை, 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு கலந்தது), ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) வாங்குங்கள். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸ் வேண்டாம், கழுவாமல் விட்டால் அரிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள்.

செப்புப் பூச்சுள்ள பிசிபி (மின்சுற்றுப் பலகை) ஸ்லீப்பர் வாங்கினால், ரெண்டு கம்பிக்கும் நடுவில் அந்தச் செம்பை அரத்தால் கீறிப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஷார்ட் ஆகும். ஒவ்வொரு ஸ்லீப்பரையும் மல்ட்டிமீட்டர் வைத்துச் சோதித்த பிறகே ஒட்டுங்கள். ஜல்லி போட்ட பிறகு ஷார்ட் எங்கே என்று தேடுவது கொடுமை.

கேள்வி: ஒருவர் கையால் கட்டிய பாயிண்டுகளைச் செகண்ட் ஹேண்டில் விற்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், கேட்டுவிட்டு. முதலில் பாதை அகலம் (கேஜ்) என்ன என்று கேளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேறு தரநிலைகளான 18.2 மி.மீ. இஎம்முக்கோ 18.83 மி.மீ. பி4க்கோ கட்டியதாக இருந்தால் உங்கள் வண்டி அதில் ஓடாது. அப்புறம் ஃப்ராக்கில் மின்சாரம் போகிறதா என்று கேளுங்கள். போகிறது என்றால் பாயிண்ட் மாறும்போது அதன் துருவமும் மாற வேண்டும், அதற்குத் தொடர்பு சுவிட்ச் உள்ள மோட்டார் வேண்டும், அந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு வேகனை விரலால் மெதுவாக ரெண்டு பாதையிலும் தள்ளி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், எந்தத் தரநிலைச் சக்கரம் என்பதையும் கேட்டு வையுங்கள். ஃப்ராக்கில் சக்கரம் துள்ளினாலோ, வீடியோ கேட்டதும் வெறும் படமாக அனுப்பிக்கொண்டிருந்தாலோ விட்டுவிடுங்கள்.