ஆன்டிபயாட்டிக் உணர்திறன் சோதனை: கேள்வி பதில்

கேள்வி: கிருமி தடவிய அகார் (கூழ்) தட்டில், மருந்து ஏற்றிய டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தோன்றுகிறது. பெரிய வளையம் தரும் மருந்தே வலிமையானது எனலாமா?

பதில்: கூடாது. வளையத்தின் அகலம், டிஸ்க்கில் ஏற்றிய மருந்தளவையும் அம்மருந்து அகாரில் பரவும் வேகத்தையும் பொறுத்தது. எ.கோலை கிருமிக்கு ஜென்டாமைசின் 18 மி.மீ. வளையம் தந்தால் 'உணர்திறன் உண்டு'. செஃப்ட்ரையாக்சோன் அதே 18 மி.மீ. தந்தால் 'எதிர்ப்பு'. அந்தந்த மருந்தை அதற்குரிய அட்டவணையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

கேள்வி: எங்கள் தரக்கட்டுப்பாட்டுக் கிருமிக்கே (வளைய அளவு முன்பே தெரிந்த கிருமி) வளையங்கள் வரம்பை மீறிப் பெரிதாகின்றன. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: பழைய டிஸ்க் வீரியம் இழந்தால் வளையம் சுருங்கத்தான் செய்யும், எனவே டிஸ்க்கை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். இச்சோதனைக்கான முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. தடிமனுக்குக் குறைந்தால் மருந்து கீழே இறங்க இடமின்றிப் பக்கவாட்டில் அதிகம் பரவும். கிருமிக் கலவை நீர்த்திருந்தாலும் இதே விளைவுதான். கலவையின் கலங்கலைக் குறிக்கும் மெக்ஃபார்லண்ட் அளவில் 0.5 என்பது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி எ.கோலை, அதைக் கண்மதிப்பில் தீர்மானிக்காதீர்கள், கலக்கிய 15 நிமிடத்துக்குள் தட்டில் தடவிவிடுங்கள்.

கேள்வி: கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு டிஸ்க் போதுமா?

பதில்: போதாது. அது பெரிய மூலக்கூறு. அகாரில் சரியாகப் பரவுவதில்லை. குழம்பு நுண்நீர்ப்பு முறையில், அதாவது திரவ வளர்ப்பு ஊடகத்தில், இரட்டிப்பு வரிசையில் நீர்த்த மருந்தோடு கிருமியை வளர்த்துக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது எம்.ஐ.சி.யைக் காணுங்கள்.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொலிஸ்டினுக்கு எங்கள் டிஸ்க் முடிவுகள் எம்.ஐ.சி.யோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

பதில்: உங்களிடம் வருபவை பெரும்பாலும் உணர்திறன் உள்ள கிருமிகளாக இருந்தால், எல்லாவற்றுக்கும் 'உணர்திறன் உண்டு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவருக்கும் அதே ஒற்றுமை கிடைக்கும். எதிர்ப்புள்ள கிருமிகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் எத்தனையை டிஸ்க் தவறவிட்டது என்று எண்ணுங்கள். நோயாளிக்குப் பயன்படாத மருந்தைக் கொடுக்க வைப்பது அந்தப் பிழைதான். மருந்து ஊறிய பட்டைகளும் இங்கே நம்பத்தக்கவை அல்ல. கொலிஸ்டின் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே விதிமுறையில் சொல்லாத தட்டுகளையோ சேர்மங்களையோ புகுத்த வேண்டாம்.

கேள்வி: எம்.ஐ.சி. 0.5 உள்ள மருந்து, 4 உள்ளதைவிடச் சிறந்ததுதானே?

பதில்: முதல் கேள்வியே வேறு உடையில் வந்திருக்கிறது. அதே பதில்.

கேள்வி: என் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் மூன்று மருந்துகள் உள்ளன. எதை வாங்குவது?

பதில்: உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியில் எரித்ரோமைசினுக்கு எதிர்ப்பும், கிளிண்டாமைசினுக்கு உணர்திறனும் காண்கிறேன். அப்படியே எழுதலாமா?

பதில்: எழுதும் முன் இரு டிஸ்க்குகளையும் 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் வைத்துப் பாருங்கள். கிளிண்டாமைசின் வளையம் எரித்ரோமைசினை நோக்கிய பக்கத்தில் மட்டும் தட்டையாகி, ஆங்கில 'டி' எழுத்தைப் போலத் தெரிந்தால், எரித்ரோமைசின் அக்கிருமியின் எதிர்ப்பைத் தூண்டியிருக்கிறது. அப்போது கிளிண்டாமைசினுக்கும் 'எதிர்ப்பு' என்றே எழுதுங்கள்.