படிவத்தில் இடமில்லாத வேலை

அலுவலகப் பணி மதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். "எனக்கு ஏன் குறைவு?" என்று மேலாளரிடம் கேட்காதீர்கள். "எந்த அளவுகோலில் போட்டீர்கள், எழுத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

புதியவர்களுக்குப் பயிற்சி தருவதும் கோபமாக அழைக்கும் வாடிக்கையாளரைச் சமாளிப்பதும் உங்கள் வேலை, மதிப்பெண் மட்டும் கோட் எழுதுபவர்களுக்கு என்கிறீர்கள். பெரும்பாலும் மதிப்பீட்டுப் படிவத்தில் உங்கள் வேலைக்கு ஒரு வரிகூட இருக்காது. முடித்த டிக்கெட்டை, அதாவது கணினியில் பதிவான வேலைக் கோரிக்கையை, எண்ணிவிடலாம். வராமல் போன புகாரை யாரும் எண்ணுவதில்லை. எங்கள் குழுவில் இப்படி ஒருவர் இரண்டு வாரம் விடுப்பில் போனபோதுதான் அவர் என்னென்ன தாங்கிக்கொண்டிருந்தார் என்றே தெரிந்தது. அதுவரை ஒருவரும் கவனிக்காதது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

1. கடைசி மூன்று மாத மின்னஞ்சலைத் திறந்து, யார் எதற்காக உங்களிடம் வந்தார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். "நன்றாகப் பழகுவேன்" எடுபடாது. "புதிதாக வந்தவர் இரண்டாம் வாரமே தனியாக அழைப்பு எடுத்தார்" எடுபடும்.

2. அதைப் படிவத்தோடு ஒப்பிடுங்கள். இடமே இல்லையென்றால், அடுத்த மதிப்பீடு தொடங்குவதற்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று கவனம். இதே வேலைக்கு இன்னொருவருக்கு மதிப்பெண் கிடைத்து, வித்தியாசம் பாலினமோ மதமோ சமூகப் பின்னணியோ என்றால் அது படிவக் கோளாறு அல்ல, பாகுபாடு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு 111ஆவது உடன்படிக்கை தடுக்கச் சொல்வது இதைத்தான். அப்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் குறிப்புகளின் நகல் கையில் இருக்கட்டும். வாடிக்கையாளர் விவரங்களை மட்டும் வெளியே கொண்டுபோகாதீர்கள்.