வாசகர் கேள்வி–பதில்: ஏறி நிற்கும் எண்ணும் இறங்கி நிற்கும் எண்ணும்

கேள்வி: மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். வேர்டில் தட்டச்சு செய்த வினாக்களை வாட்ஸ்அப் குழுவில் ஒட்டியபோது, ஒளியின் வேகமான 3 × 10⁸ என்பது 3 × 108 என்று மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை எப்படித் தவிர்ப்பது? – ஆசிரியை ஒருவர், விருதுநகர்

பதில்: வேர்டில் நீங்கள் இட்டது சாதாரண 8 தான், அதைச் சிறிதாக்கி உயர்த்திக் காட்டும்படி ஒரு வடிவமைப்புக் கட்டளையும் அதனுடன் சேர்ந்திருக்கிறது. அந்தக் கட்டளையை ஏற்காத வெற்று உரையில் ஒட்டியவுடன் கட்டளை உதிர்ந்து, எண் மட்டும் வரிசையில் இறங்கி நின்றுவிடுகிறது. விநாடிக்கு 30 கோடி மீட்டர் என்பது 324 மீட்டராக, அதாவது காற்றில் ஒலி செல்லும் வேகத்துக்கும் குறைவாக, ஆகிவிட்டதை ஒரு மாணவராவது கவனித்துக் கேட்டிருந்தால் அவரைப் பாராட்டுங்கள்.

இதற்கு மாற்று, பிறவியிலேயே உயர்ந்து நிற்கும் எழுத்துகளை இடுவது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ⁰ முதல் ⁹ வரையும் ₀ முதல் ₉ வரையும் தனித்தனி எழுத்துகளாகவே இருப்பதால், எங்கே ஒட்டினாலும் அவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகைச் செயலி வைத்திருப்பவர்கள், எண்கள் உள்ள பக்கத்தில் 8ஐ அழுத்திப் பிடித்தால் ⁸ மேலே தோன்றும். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 0178 என்று தட்டினால் ², 0179 என்றால் ³ கிடைக்கும். வேர்டிலேயே 2078 என்று தட்டி ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் ⁸ வரும். 2082 என்றால் கீழே நிற்கும் ₂ வரும். எதிர்மறை அடுக்குக்கும் ⁻ என்ற தனிக் குறி உண்டு. 10⁻³ என்பதில் சாதாரண இடைக்கோட்டை இட வேண்டாம்.

மதிப்பெண் சார்ந்த வினா என்றால், 10^8 என்று எழுதி, ^ குறி அடுக்கைக் குறிக்கும் என்று ஒரு வரி சேர்ப்பதையே நான் விரும்புவேன். சில செயலிகளும் தளங்களும் ⁸ஐச் சாதாரண 8ஆக மாற்றிச் சேமிக்கின்றன; ^ குறி அப்படிக் கரைந்துபோவதில்லை.

கேள்வி: சல்பேட் அயனியை எழுதும்போது கீழே 4உம் அதற்கு நேர் மேலே 2⁻உம் வரவேண்டும். வெற்று உரையில் இயலுமா? – மாணவர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: நேர் மேலே அடுக்க இயலாது. ₄²⁻ என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். படிப்பவருக்கு அது புரியும். எண்கள் முழுமையாக இருந்தாலும் கீழே நிற்கும் ஆங்கில எழுத்துகளில் பல இல்லை. தமிழ் எழுத்துகளுக்கோ மேல்வடிவமும் இல்லை, கீழ்வடிவமும் இல்லை.

கேள்வி: என் தாயாருக்காக வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில், ஒலிப்பு எண்களுடன் தட்டச்சு செய்கிறேன். சில இடங்களில் புள்ளிகளாலான வட்டம் (◌) தோன்றுகிறது. ⁴ மட்டும் வேறு அளவில் தெரிகிறது. ஏன்? – வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: வடமொழியின் நான்கு ஒலிகளுக்கு நம்மிடம் ஒரே ‘க’ இருப்பதால், முதல் ஒலியை வெறுமனே விட்டு, மற்றவற்றை க², க³, க⁴ என்று எழுதுவது அச்சகங்கள் வளர்த்தெடுத்த அருமையான வழக்கம். ‘ஶுக்லாம்ப³ரத⁴ரம்’ என்பதில் அந்த இரண்டு சிறு எண்களை எடுத்துவிட்டால், பழகாதவர் எப்படி உச்சரிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மதுரைச் சௌராஷ்டிரர்களும் தம் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுத இத்தகைய எண்களைப் பயன்படுத்துகிறார்கள்.

புள்ளி வட்டம் தோன்றுவது தட்டும் வரிசையால். ககரத்தைத் தட்டி, ³ இட்டு, பிறகு ஓகாரக் குறியைச் சேர்த்தால், அந்தக் குறி ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் பல மென்பொருள்களில் வட்டத்தின்மேல் போய் அமர்கிறது. உயிர்க்குறியோ மெய்ப்புள்ளியோ முடிந்த பிறகே எண்ணை இடுங்கள்: கோ³விந்த³, பு³த்³தி⁴.

⁴ வேறுபடுவதற்குக் காரணம் பழையது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக 1987இல் வெளியான எழுத்து அட்டவணையில் ¹, ², ³ மட்டுமே இடம்பெற்றன. யூனிகோட் அந்த அட்டவணையை அப்படியே தன் முதல் 256 இடங்களாக ஏற்றுக்கொண்டு, மற்ற எண்களைத் தொலைவில், 8304ஆம் இடத்தில் தொடங்கும் தொகுதியில் வைத்தது. அங்கே ²க்கும் ³க்கும் உரிய 8306, 8307 ஆகிய இடங்கள் இன்றும் காலியாகவே உள்ளன. ஆகவே ² ³ உள்ள எழுத்துருவில் ⁴ இல்லாமல் போகலாம். அப்போது கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்குகிறது. முழு நூலையும் தட்டுவதற்கு முன், த², த³, த⁴ மூன்றையும் ஒரே வரியில் இட்டு எழுத்துருவைச் சோதித்துவிடுங்கள்.

இன்னொன்று: ‘கோவிந்த’ என்று தேடினால் ‘கோ³விந்த³’ பெரும்பாலும் அகப்படாது. அதனால் எண்கள் இல்லாத படி ஒன்றையும் தனிக் கோப்பில் வைத்திருங்கள். தாயாருக்கு அச்சிட்டுக் கொடுப்பது எண்கள் உள்ள படியாகவே இருக்கட்டும், எழுத்தின் அளவு பெரிதாக, 18 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் அந்தச் சிறு எண்கள் அவர் கண்ணுக்குத் தெரியும்.